அடுத்த வீட்டார் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய பூனைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியும், வாசலில் விழும் பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அக்கம்பக்கத்தாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது பழைய வழக்கம். இப்போது அந்தச் சாவியோடு பூனைகளும் சேர்ந்து வருகின்றன. எங்கள் மேல்வீட்டு அக்கா குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம், அவர் வளர்க்கும் கறுப்புக் கடுவனையும் மூவண்ணப் பெட்டையையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் முறை சாவியை வாங்கியபோது, காலையும் மாலையும் கிண்ணத்தை நிரப்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். பூனை தன் நோவை வெளியே காட்டாமல் ஒளித்துக்கொள்ளும் பிராணி என்பதும், ஆகவே கிண்ணத்தை நிரப்புவதைவிட நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியமான வேலை என்பதும் பிறகுதான் புரிந்தது. வைத்த உணவில் எவ்வளவு குறைந்தது, பூனை கழிக்கும் பெட்டி மணலில் சிறுநீர் இறுகிய கட்டி எத்தனை இருந்தது, ஒவ்வொரு பூனையையும் இன்று கண்ணால் பார்த்தோமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அன்றாடம் விடை தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த விடைகளைத் தெரிந்துகொள்வதற்கான வழிகள்தாம்.

ஒப்புக்கொள்வதற்கு முன்

பூனைகளை அவற்றின் வீட்டிலேயே விட்டுவிட்டு நீங்கள் போய்வருவதுதான் நல்லது. நாய்க்கு உடன் இருக்கும் மனிதர்கள் முக்கியம். பூனைக்குப் பழகிய இடமும் அதில் படிந்திருக்கும் தன் வாசனையும் அதற்குக் குறையாமல் முக்கியம். உங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தால், அது கட்டிலுக்கடியில் இரண்டு நாள் பட்டினி கிடக்கவும் கூடும், கதவு திறந்த நொடியில் ஓடிவிடவும் கூடும். ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது அரை மணி நேரம் அந்த வீட்டில் செலவிட முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அவர்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள். மூன்று நாளுக்கான தீவனத்தை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். முதல் நாளே பூனை நோயில் படுத்தால், மூன்றாம் நாள்தான் அது உங்களுக்குத் தெரியவரும்.

உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், மணல் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை அவரிடம் விடக் கூடாது. சில பூனைகளின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் வெளியேறுகின்றன. அவை கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. வெளியேறிய முட்டைகள் தொற்றும் தன்மையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும் என்பதால், மணலை அன்றாடம் அள்ளுவதே எல்லோருக்கும் ஒரு பாதுகாப்பு.

தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பூனைகளுக்கு வரும் பான்லுக்கோபீனியா என்ற கொடிய கழிச்சல் நோயின் வைரஸ், தரையிலும் செருப்பிலும் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டு வரை கூட, சாகாமல் இருக்கும். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் அந்த வீட்டுப் பூனைகளைத் தொட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகள் இருக்கும் வீட்டில் இதில் சலுகையே கிடையாது.

அவர்கள் கிளம்புவதற்கு முன் ஒரு மாலை

வீட்டார் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக, அவர்கள் இருக்கும்போதே ஒரு மாலை அங்கே போய் அமருங்கள். உணவை நீங்களே வையுங்கள், மணலை நீங்களே அள்ளுங்கள். வீட்டார் பக்கத்தில் நிற்க, புதிய கை உணவு வைப்பதைப் பூனைகள் ஒரு முறை பார்த்துவிட்டால், பிறகு நீங்கள் தனியாக வரும்போது அவற்றின் அச்சம் பாதியாகக் குறையும்.

அந்த மாலையில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை நிறைய. எந்தக் கிண்ணம் எந்தப் பூனைக்கு உரியது, எந்த வேளைக்கு எவ்வளவு என்பதைக் கேளுங்கள். ‘ஒரு கைப்பிடி’ என்று சொன்னால் ஏற்காமல், அவர்கள் அளக்கும் அதே கரண்டியை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பயந்தால் எங்கே போய் ஒளியும் என்று கேட்டு, அந்த இடங்களை நேரில் பாருங்கள். கருத்தடை செய்யப்பட்டதா, கடைசியாக வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போடப்பட்டது, இதற்கு முன் என்ன நோய் வந்தது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட, அந்தப் பூனைக்கு எது வழக்கம் என்று கேட்பது பயன் தரும். வாரத்துக்கு ஒரு முறை முடி உருண்டையை வாந்தி எடுக்கும் பூனை இன்று ஒரு முறை எடுத்தால் பதற வேண்டியதில்லை. வாந்தியே எடுக்காத பூனை இரண்டு முறை எடுத்தால் அது செய்தி.

கருத்தடை செய்யாத பெட்டையாக இருந்தால், பருவம் வரும்போது அது இரவெல்லாம் குழந்தை அழுவதுபோல் கத்தும், தரையில் உருளும், முதுகைத் தடவினால் பின்பகுதியைத் தூக்கிக் கொடுக்கும். இது நோயல்ல. ஆனால் அந்த நாள்களில் கதவிடுக்கு வழியே வெளியேற அது வழக்கத்தைவிடக் கடுமையாக முயலும்.

வழக்கமாகக் காட்டும் கால்நடை மருத்துவரின் பெயர், எண், மருத்துவமனை திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றோடு, இரவில் எங்கே போவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சென்னையில் பலரும் நாடுவது வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை. எந்த நேரத்தில் எந்தப் பிரிவு இயங்குகிறது என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்வது நலம். எங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டாலும் சிகிச்சை தொடங்கலாம், இவ்வளவு தொகை வரை செலவு செய்யலாம் என்று வீட்டார் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டால், ரயிலில் சிக்னல் இல்லாத நேரத்தில் நீங்கள் மருத்துவமனை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்காது. பூனையைத் தூக்கிப் போகும் கூடையைப் பரணில் போட்டு வைத்திருந்தால், கீழே இறக்கி, உள்ளே ஒரு பழைய துணியை விரித்து, கதவைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லுங்கள். பூனை தானாகவே அதில் படுத்துப் பழகிவிட்டால் அவசரத்துக்கு உதவும்.

கதவு

பூனை காணாமல் போவது பெரும்பாலும் நீங்கள் உள்ளே நுழையும் அந்த இரண்டு நொடியில்தான். கையில் பையும் செல்பேசியும் இல்லாமல் போங்கள். கதவை ஓர் அடி அளவுக்கு மட்டும் திறந்து, இடைவெளியை முழங்காலால் மறைத்தபடி நுழைந்து, உடனே தாழிடுங்கள். கம்பிக் கதவு தனியாக இருந்தால், முதலில் அதைச் சாத்திவிட்டுப் பிறகே மரக்கதவைத் திறங்கள். சாவியில் வீட்டு எண்ணை எழுதி ஒட்டாதீர்கள். தொலைந்தால் எடுத்தவருக்கு முகவரி கொடுத்ததாகிவிடும்.

பால்கனிக் கதவையும் சன்னல்களையும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். கொசுவலை பூனையைத் தடுக்காது. புறாவைக் கண்டு பாய்ந்தால் அது பிய்ந்துவிடும். பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்பது பாதி உண்மைதான். மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குத் தாடையும் நெஞ்சும் அடிபடுவதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

உணவும் தண்ணீரும் எறும்பும்

வீட்டார் கொடுக்கும் உணவைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். பாசத்தில் மீன் குழம்புச் சோறு வைப்பவர்கள் உண்டு. குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டில் உப்பு அதிகம். பாலும் வேண்டாம், ஏனென்றால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும். வேகவைத்த மத்தி கொடுப்பது அந்த வீட்டு வழக்கமாக இருந்தால், உப்பும் மசாலாவும் சேர்க்காமல், முள்ளை நீக்கிக் கொடுங்கள்.

உலர் உணவை அளந்து வையுங்கள், அடுத்த முறை போகும்போது மிச்சத்தையும் கண்ணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பவுச்சில் வரும் ஈர உணவு சென்னை வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே நீங்கள் அங்கே இருக்கும் அரை மணியில் தின்னக்கூடிய அளவை மட்டும் வைத்து, மீந்ததை எடுத்துவிடுங்கள். திறந்த பவுச்சை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால், அடுத்த வேளைக்குச் சற்று நேரம் வெளியே வைத்திருந்து கொடுக்கலாம். சில்லென்று இருக்கும் உணவைப் பல பூனைகள் முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டு பூனைகள் இருக்கும் வீட்டில், ஒன்று மற்றதன் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டால் யார் சாப்பிட்டார் என்றே உங்களுக்குத் தெரியாது. கிண்ணங்களைத் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டும் தின்னும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் வழி.

நம் வீடுகளில் எறும்பு ஒரு தனிப் பிரச்சினை. எறும்பு மொய்த்த உணவைப் பூனை தொடாது. அதற்காகக் கிண்ணத்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடுவது பெரிய தவறு. அவ்வகைச் சாக்பீஸ்களில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கும்; காலில் ஒட்டியதைப் பூனை நக்கிக்கொள்ளும்; அந்த வகை மருந்துகளை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. அகலமான தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அதன் நடுவே கிண்ணத்தை வைத்தால் போதும். நம் பாட்டிமார் சர்க்கரை டப்பாவுக்குச் செய்த அதே அகழிதான்.

தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு வேளையும் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு உணவில் இருப்பதும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி நீர் தேவை. ஈர உணவில் முக்கால் பங்கு நீர் இருக்கிறது. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே உலர் உணவு மட்டுமே தின்னும் பூனைக்கு வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைப்பது நல்லது. தவறிப்போய் ஒன்றைத் தட்டிவிட்டாலும் இன்னொன்று இருக்கும்.

மணல் பெட்டி

இந்த வேலையில் முகம் சுளிக்க வைப்பது இதுதான். ஆனால் பூனையின் உடல்நிலையைப் பற்றி அதிகம் சொல்வதும் இதுதான். கடையில் ‘கேட் லிட்டர்’ என்று விற்கப்படும், பென்டோனைட் என்ற களிமண் வகையாலான மணல், சிறுநீர் பட்ட இடத்தில் கட்டியாக இறுகும். இரண்டு வேளையும் அள்ளும்போது கட்டிகளை எண்ணுங்கள். நலமாக இருக்கும் பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். மலம் ஏறத்தாழ ஒரு முறை. எலுமிச்சை அளவில் இருந்த கட்டிகள் கோலிக்குண்டு அளவில் பத்துப் பன்னிரண்டாகச் சிதறிக் கிடந்தால், பூனை அடிக்கடி முயன்று சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறது என்று பொருள். ஒரு கட்டியுமே இல்லாவிட்டால் அதைவிட மோசம்.

அள்ளியதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பென்டோனைட் குழாய்க்குள் களிமண்ணாக இறுகிவிடும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டியைக் கழுவ வேண்டி வந்தால், தண்ணீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்கும் ஃபினாயிலைப் பயன்படுத்தாதீர்கள். அதில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்களும் பூனைக்கு நஞ்சு. வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போதும். வீட்டைத் துடைக்க ஆள் வருவார் என்றால், அவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

பூனையைக் கண்ணால் பார்ப்பது

முதல் முறை நான் பொறுப்பேற்ற மூன்றாம் நாள் காலையில் மூவண்ணப் பெட்டையைக் காணவில்லை. கட்டிலுக்கடியில், அலமாரி மேல், சலவை இயந்திரத்துக்குள், பரணில் என்று ஒன்றரை மணி நேரம் தேடி, கதவைத் திறந்தபோது ஓடியிருக்கும் என்று முடிவுகட்டி, அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லி அவரையும் அழவைத்துவிட்டேன். அது குளிர்பெட்டிக்குப் பின்னால் வெதுவெதுப்பான மூலையில் படுத்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து, ஒளியும் இடங்களின் பட்டியலை முதலில் கேட்டு வாங்கிவிடுகிறேன். உணவு டப்பாவைக் குலுக்கிவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகுதான் தேடவே தொடங்குகிறேன்.

ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். இருக்கும் இடம் தெரிந்தால் போதும். எட்டத்தில் தரையில் அமர்ந்து, அதை உற்றுப் பார்க்காமல், கண்களை மெல்ல மூடித் திறங்கள். இப்படிச் செய்யும் மனிதரை நோக்கிப் பூனைகள் தாமும் கண்ணை மூடித் திறப்பதையும், அவரை அணுக அதிகம் முன்வருவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் கறுப்புக் கடுவனிடம் இது நான்காம் நாளில் பலித்தது.

பழகிய பூனையோடு கொஞ்சம் விளையாடுங்கள். ஆனால் விளையாடிய கயிற்றையும் நூலையும் கட்டாயம் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், வாயில் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம். பூத்தொடுக்கும் நார், ரப்பர் வளையம், தையல் நூல் எல்லாம் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்கக் கண்டால் ஒருபோதும் இழுக்காதீர்கள், குடல் அறுபடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அதே பார்வையில் வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பூச்சாடியில் லில்லி இருந்தால் அகற்றுங்கள். இதழும் மகரந்தமும் மட்டுமல்லாமல் சாடித் தண்ணீரும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும். சாமி படத்துக்குப் போட்ட அரளி மாலையும், தொட்டியில் படரும் செங்காந்தளும் நஞ்சு. அந்துருண்டை போட்ட அலமாரி மூடியிருக்கட்டும். தீபாவளியை ஒட்டியோ வடகிழக்குப் பருவமழையின் இடி நாள்களிலோ பொறுப்பேற்றால், உள்ளறை ஒன்றில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

கடுவன் பூனை மணல் பெட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒன்றும் வராமல் எழுந்தால், அது மலச்சிக்கலாக இருக்கும் என்று காத்திருக்காதீர்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அதில் அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நடு இரவானாலும் கிளம்ப வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்து நாயைப்போல இரைப்பதும், ஈறு வெளுப்பதும் நீலம்பாய்வதும், பின்னங்கால் திடீரென்று இழுத்துக்கொள்வதும், வலிப்பும் அதே வரிசையில் சேர்பவை.

ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னாத பூனையைப் பற்றி வீட்டாருக்கும் மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். புதிய ஆளைக் கண்ட பயத்தில் முதல் வேளை தின்னாமலிருப்பது சகஜம். ஆனால் பட்டினி இரண்டு நாளைத் தாண்டினால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடல் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து அதுவே தனி நோயாகிவிடும். காய்ச்சல் அடிப்பதுபோல் தோன்றுகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். மனிதர் விழுங்கும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் தடவக் கூடாது. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற, பூனைக்கு நஞ்சான பைரெத்ராய்டு மருந்து இருக்கும்.

வீட்டார் கொடுத்துவிட்டுப் போன மருந்தை மட்டும், எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுங்கள். மாத்திரை விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சால் சில மில்லி தண்ணீரையோ, ஒரு வாய் ஈர உணவையோ கொடுத்தால் அது தொண்டையில் ஒட்டாமல் இறங்கும். இன்சுலின் போட வேண்டிய பூனையாக இருந்தால், வீட்டார் முன்னிலையில் நீங்களே போட்டுப் பழகாமல் பொறுப்பை ஏற்காதீர்கள். பூனை சாப்பிடாத வேளையில் என்ன செய்வது என்பதை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பூனை உங்களைக் கடித்தாலோ இரத்தம் வரும்படி கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. வீட்டுப் பூனைதானே, ஊசி போட்டிருக்கிறார்களே என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். போட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும். பூனையின் பல் மெல்லியதாக இருந்தாலும் ஆழமாக இறங்குவதால், மேலே ஆறியதுபோல் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிப்பதும் உண்டு.

ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடாதீர்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பெரும்பாலும் அதே கட்டடத்தில், படிக்கட்டுக்கடியிலோ மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னாலோ நிறுத்தியிருக்கும் வண்டிக்கடியிலோ மூச்சுக் காட்டாமல் பதுங்கியிருக்கும். கார் வைத்திருப்பவர்களிடம் இன்ஜின் மூடியைத் தட்டிவிட்டுக் கிளப்பச் சொல்லுங்கள். சந்தடி அடங்கிய பிறகு டார்ச் அடித்துத் தேடினால் கண்கள் மினுங்கிக் காட்டிக்கொடுக்கும். இன்னொரு பூனை வெளியேறாதபடி பார்த்துக்கொண்டு, வழக்கமான உணவை வாசலில் வையுங்கள். வீட்டாருக்கு உடனே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய குரலை வாட்ஸ்அப்பில் பதிவு செய்து வாங்கி, பதுங்கியிருக்கும் இடத்தருகே மெதுவாக ஒலிக்கவிட்டுப் பார்ப்பதும் உண்டு.

கடைசி நாள்

அன்றாடம் ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பிக்கொண்டிருந்தால், கடைசி நாளில் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. தின்ற அளவும் மணல் கணக்கும் எழுதிய தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். மணலைப் புதுப்பித்து, தண்ணீரை நிரப்பி, அடுத்த நாளுக்கும் போதுமான உலர் உணவு டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் வந்துவிடுவோம் என்று சொன்னவர்கள் பேருந்து கிடைக்காமல் இரவு வந்து சேர்வது பண்டிகைக் காலத்தில் புதிதல்ல. ஆகவே அவர்கள் வருவதாகச் சொன்ன நேரத்தை நம்பி அந்த வேளையை விட்டுவிடாதீர்கள். வந்துவிட்டோம் என்று வீட்டுக்குள்ளிருந்து அவர்கள் தொலைபேசியில் சொல்லும் வரை சாவி உங்கள் ஆணியிலேயே தொங்கட்டும்.